மடிப்பாக்கம் ஃபிளாட்டை விற்றுவிட்டு இலஞ்சிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. அம்பத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் 28 வருடம் வேலை பார்த்துப் போன வருடம் ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துக் கையில் 68 லட்சம் இருக்கிறது. பென்ஷன் மாதம் 4,100. மடிப்பாக்கத்தில் 2004-ல் 14 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டுக்கு 75 லட்சம் தர ஒரு பார்ட்டி தயாராக இருப்பதாகப் புரோக்கர் சொல்கிறார். வாடகைக்கு விட்டால் 20,000 வரும். 2015-லும் 2023-லும் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றது. ஐப்பசி பிறந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. சொந்த ஊர் தென்காசி பக்கம் இலஞ்சி. அங்கே அப்பா பெயரில் எட்டு சென்டில் பழைய வீடு இருக்கிறது. அப்பா 2011-ல் தவறிவிட்டார். ஃபிளாட்டை விற்று, பழைய வீட்டை இடித்து 50 லட்சத்தில் புதிதாகக் கட்டி, மீதியை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அண்ணன் தனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகன் பெங்களூரில், மகள் கல்யாணமாகிப் பள்ளிக்கரணையில். எனக்கு நாலு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். மனைவிக்கு 57 வயது, சர்க்கரை இருக்கிறது. அவளுக்கு இதில் அவ்வளவு விருப்பம் இல்லை, ஆனால் வந்தால் பழகிவிடுவாள். எவ்வளவு வரி வரும், மீதிப் பணத்தை எதில் போடலாம்?

பதில்:

அன்புள்ள சார், ஃபிளாட்டை இப்போது விற்காதீர்கள். இலஞ்சிக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகப் போங்கள். ஒரு வருடம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள், விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஓய்வு பெற்றவர்களுக்குக் கணக்கு போட்டுக் கொடுப்பதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் தொழில். சென்னையை விட்டுப் போய் அவதிப்பட்டவர்களில் பணம் போதாமல் அவதிப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, வரிசையை மாற்றிச் செய்து அவதிப்பட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். முதலில் விற்பார்கள், அடுத்து கட்டுவார்கள், அதற்கும் பிறகுதான் அந்த ஊரில் இருந்து பார்ப்பார்கள்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். வரி.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டை வைத்து உயர்த்தி, மிச்ச லாபத்துக்கு 20 சதவீதம் கட்டலாம். அல்லது குறியீடு எதுவும் இல்லாமல் மொத்த லாபத்துக்கும் 12.5 சதவீதம் கட்டலாம். நீங்கள் வாங்கிய 2004–05-ல் குறியீடு 113, 2025–26-க்கு 376. 14 லட்சத்தை இந்தக் கணக்கில் ஏற்றினால் சுமார் 46.6 லட்சம் ஆகிறது, 75-ல் அதைக் கழித்தால் லாபம் 28.4 லட்சம், வரி சுமார் 5.7 லட்சம். இன்னொரு வழியில் 61 லட்சத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 7.6 லட்சம். இரண்டுக்கும் மேல் 4 சதவீத செஸ் உண்டு. ஆக உங்களுக்கு 20 சதவீத வழிதான் லாபம். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குகிறவர் 1 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார், பதறாதீர்கள், அது உங்கள் வரியில் கழிந்துவிடும். 12 லட்சம் வரை வருமான வரியே இல்லை என்கிறார்களே என்று என்னிடம் வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். அந்தத் தள்ளுபடி வீடு விற்ற லாபத்துக்குச் செல்லாது.

வரியைக் குறைக்க வழி இருக்கிறது. விற்ற தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால், அதில் போட்ட அளவுக்கு லாபத்தில் விலக்கு உண்டு. அதற்கும் மிஞ்சினால் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை அதற்கென்றே உள்ள அரசு நிறுவனப் பத்திரங்களில் போடலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் போட்டுவிட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் விட்டுவைத்தால் விலக்கு போச்சு. இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கவனித்தீர்களா, எல்லாக் கெடுவும் விற்ற தேதியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. விற்காத வரைக்கும் உங்களை எந்தச் சட்டமும் விரட்டவில்லை. விற்ற மறுநாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கட்டி முடித்தாக வேண்டும், அப்படிக் கட்டிய வீட்டை அடுத்த மூன்று வருடத்துக்குள் விற்றால் வாங்கிய விலக்கும் திரும்பப் போய்விடும். ஊர் பிடிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிய வருவது சரியாக அந்த ஆறு வருடத்துக்குள்தான் இருக்கும்.

அப்புறம் அந்த எட்டு சென்ட். நிலம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அண்ணன் வேண்டாம் என்று சொன்னார் என்கிறீர்கள், எங்கே சொன்னார்? திண்ணையில் உட்கார்ந்து சொன்னது பதிவு அலுவலகத்தில் செல்லாது சார். கடிதத்தில் அக்கா தங்கை பற்றி ஒன்றும் இல்லை, இருந்தால் அவர்களுக்கும் சம பங்கு உண்டு, அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. உயில் எழுதாமல் போன அப்பாவின் சொத்தில் மகள் என்றைக்கோ சீர்வரிசை வாங்கிப் போனாள் என்பதெல்லாம் கணக்கில் வராது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற எல்லோரிடமும் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்து, பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகுதான் கடப்பாரையை எடுக்க வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரம் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு 40,000, பதிவுக் கட்டணத்துக்கு 10,000 என்று உச்சவரம்பு இருக்கிறது, பெரிய செலவில்லை. வெளி மனிதர்களிடம் இடம் வாங்கினால் 9 சதவீதம் போயிருக்கும். அண்ணன் நல்லவர், சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் 50 லட்சத்தில் வீடு கட்டி முடித்த பிறகு அண்ணனின் பிள்ளைகள் அந்த எட்டு சென்டைப் பார்க்கிற பார்வை வேறாக இருக்கும். இந்த வேலைக்கே ஆறு மாதம் பிடிக்கும். ஃபிளாட்டை விற்றுவிட்டு இதை ஆரம்பித்தால் மூன்று வருடக் கெடுவில் ஆறு மாதம் தாலுகா ஆபீசில் போய்விடும். விற்பதற்கு முன்னாலேயே ஆரம்பியுங்கள், நீங்கள் கடைசியில் இலஞ்சிக்குப் போகாவிட்டால்கூட இது முடித்துவைக்க வேண்டிய வேலைதான். இன்னொன்று, மலையடிவாரத்தில் சில கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பில் வருகின்றன, அங்கே கட்டட அனுமதிக்குக் கூடுதல் நடைமுறை உண்டு. உங்கள் சர்வே நம்பர் அதில் வருகிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இனி வருமானம். விற்காமலேயே முடியுமா என்று போட்டுப் பார்த்தேன். 68 லட்சத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள், ஒருவர் பெயரில் அதுதான் உச்சம். வட்டி 8.2 சதவீதம் என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 வரும், மாதத்துக்கு 20,500. உங்கள் வீட்டம்மாவுக்கு இன்னும் 60 ஆகவில்லை, அவர் பெயரில் தனியாகத் தொடங்க முடியாது, ஆனால் உங்கள் கணக்கிலேயே அவரைக் கூட்டாகச் சேர்க்கலாம், கட்டாயம் சேருங்கள். உங்களுக்குப் பிறகு அவர் அதே கணக்கை அப்படியே தொடரலாம். அடுத்து தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் இரண்டு பேர் பெயரிலும் 15 லட்சம், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. பென்ஷன் 4,100. மொத்தம் 33,850. இந்த வட்டி விகிதங்களை மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அறிவிக்கும், ஆனால் நீங்கள் போடுகிற நாளின் விகிதம்தான் உங்களுக்கு ஐந்து வருடமும். ஃபிளாட் வாடகை 20,000 வந்து, இலஞ்சியிலோ மேலகரத்திலோ ஒரு வீட்டுக்கு 10,000 கொடுத்தால் (அதைவிடக் குறைவாகக்கூடக் கிடைக்கலாம், விசாரியுங்கள்) மிச்சம் 10,000. ஃபிளாட்டின் பராமரிப்புக்கும் சொத்து வரிக்கும் மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் போனாலும் 41,000 கையில் நிற்கும். வருமான வரி வராது. இதற்கு வெளியே 23 லட்சம் தொடாமல் இருக்கிறது, அதில் எட்டு லட்சத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி வங்கியில் போட்டு மருத்துவத்துக்கு என்று எழுதிவையுங்கள், மீதியை என்ன செய்வது என்று நேரில் பேசலாம், அதற்கு அவசரமில்லை.

உங்கள் திட்டப்படி என்றால் 50 லட்சம் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், வாடகை வருமானமும் நின்றுவிடும். அந்த வீடு மாதம் ஒரு ரூபாய்கூடத் தராது. விற்க நினைத்தால், 50 லட்சம் செலவழித்த வீட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் கிடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கே தெரியும்.

ஊரில் செலவு பாதியாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆகாது. மருந்து அதே விலை, கேஸ் அதே விலை, போன் அதே விலை. மடிப்பாக்கத்தில் நடந்து போய் வாங்கியதற்கு அங்கே வண்டி எடுக்க வேண்டும். மகள் வீட்டு விசேஷத்துக்கு, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், கல்யாணம் காட்சிக்கு என்று வருடத்துக்கு ஐந்தாறு தடவை சென்னை வருவீர்கள், மூத்த குடிமக்கள் ரயில் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது நிறுத்தியதுதான். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான், பொங்கலுக்குப் பொதிகையில் படுக்கை கிடைப்பது உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது. இதற்கெல்லாம் மேலே சீசன் செலவு என்று ஒன்று இருக்கிறது. குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உங்களுக்கு வீடு இருக்கிறது என்று தெரிந்தால், ஆனி ஆடியில் இதுவரைக்கும் போன்கூடப் பண்ணாத சொந்தக்காரர்கள் எல்லாம் எண்ணெயும் துண்டுமாக வந்து இறங்குவார்கள், காலையில் ஐந்தருவி, மத்தியானம் உங்கள் வீட்டம்மா கையால் சாப்பாடு, சாயங்காலம் பழைய குற்றாலம், ராத்திரி பார்டர் பரோட்டா வாங்கிவரலாமா என்று ஒரு கேள்வி. சிரிக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் குடியேறிய என் வாடிக்கையாளர் ஒருவர் ஜூலை மாத பட்ஜெட்டை மட்டும் இரண்டு மடங்காகப் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஆஸ்பத்திரி விஷயத்தை இப்படி லேசாகப் பேச முடியாது. ஸ்டென்ட் வைத்த உடம்பு உங்களுடையது. தென்காசி 2019-ல் தனி மாவட்டமானது, அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. பெரிய சிகிச்சைக்கு 55 கிலோமீட்டர் தள்ளித் திருநெல்வேலி, அங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயர் சிறப்புப் பிரிவும் உண்டு. மதுரை அதைவிட மூன்று மடங்கு தூரம். போவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய டாக்டரோடு தயாராக இருக்கிற இடம் இலஞ்சியிலிருந்து எவ்வளவு நேரத்தில் வரும் என்பது. அதை உங்கள் இதய டாக்டரிடம் கேளுங்கள், அவர் அந்தப் பக்கத்தில் தெரிந்த ஒருவரைச் சொல்வார், முதல் மாதமே அவரிடம் போய் ஃபைலைக் காட்டி ஒரு கணக்கு ஆரம்பித்துவிடுங்கள். வீட்டம்மாவின் சர்க்கரைக்கு அவ்வளவு கவலை வேண்டாம், 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

கடிதத்தில் மெடிக்ளைம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பெனி இன்சூரன்ஸ் வேலையோடு போயிருக்கும். தனியாக ஒன்றும் எடுக்கவில்லை என்றால் இந்தப் பதிலில் மற்றதையெல்லாம் ஒத்திப்போட்டுவிட்டு அதை முதலில் செய்யுங்கள். வயதைக் காரணம் காட்டி வாங்கவே முடியாது என்றிருந்த நிலை 2024-ல் மாறிவிட்டது, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், அதனால்தான் இன்றைக்கே என்கிறேன். ஸ்டென்ட்டை மறைக்காதீர்கள். இன்னொரு விஷயம், சில பாலிசிகளில் ஊரைப் பொறுத்து மண்டலம் பிரித்துப் பிரீமியம் போடுவார்கள், தென்காசி முகவரிக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டுச் சென்னையில் வந்து ஆபரேஷன் செய்தால் பில்லில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். நீங்கள் சிகிச்சைக்குச் சென்னைக்குத்தான் வருவீர்கள், மகள் இங்கே இருக்கிறாரே. சென்னை மண்டலப் பிரீமியமே கட்டுங்கள்.

வெள்ளத்துக்குப் பயந்து போகிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது, மடிப்பாக்கத்தில் 2015-ல் தண்ணீரைப் பார்த்தவருக்கு மழைச் சத்தம் வேறு மாதிரிதான் கேட்கும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த இரண்டே வாரத்தில் தெற்கே என்ன நடந்தது என்பதை ஊர்க்காரரான உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டுமா? 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் மிதந்தன, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றது. தென்காசிக்குத் தென்மேற்குச் சாரலும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. உங்கள் எட்டு சென்ட் மேட்டில் இருக்கிறதா, சிற்றாற்றுப் பக்கம் சரிவில் இருக்கிறதா, அந்த டிசம்பரில் தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

ஃபிளாட்டை என்றைக்குமே விற்கக் கூடாது என்பதும் என் கருத்தல்ல. இருபது வருடம் தாண்டிய கட்டடம், வெள்ளம் வந்த பகுதி என்று பெயர் வேறு. உங்களிடம் விலை போவது கட்டடமல்ல, அதன் கீழே உங்கள் பங்குக்கு இருக்கிற நிலம்தான். இரண்டு வருடம் பொறுக்கலாம், பத்து வருடம் கிடத்த வேண்டாம். அடுக்ககத்தில் எல்லோரும் சேர்ந்து இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறதா என்று ஒரு காதைக் கொடுத்துவையுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரி. "வந்தால் பழகிவிடுவாள்."

இதை நான் வேறொருவர் வாயால் கேட்டிருக்கிறேன். என் அப்பா சொன்னார், 2001-ல். நங்கநல்லூர் வீட்டை விற்றுவிட்டு அம்பாசமுத்திரத்துக்குப் போனார்கள். அப்பாவுக்கு அது சொந்த ஊர், காலையில் ஆற்றில் குளியல், டீக்கடையில் பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள், சாயங்காலம் கோயில் பிராகாரத்தில் நாலு பேர், தெருவில் இறங்கினாலே "என்ன அண்ணாச்சி" என்று விசாரிக்க ஆள். அம்மாவுக்கு அது புகுந்த ஊர். நங்கநல்லூரில் அம்மா தனியாகப் பஸ் ஏறி மாம்பலம் போய்க் காய்கறி வாங்கி, வழியில் ஒரு சிநேகிதி வீட்டில் காபி குடித்து, பாட்டு வகுப்பு முடித்துக்கொண்டு வருவார். ஊரில் எங்கே போவதென்றாலும் அப்பாவின் டி.வி.எஸ். பின்னால்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பழகித்தான் போனார். ஆறு வருடம் கழித்து அப்பா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாங்கள் எல்லோரும் கிளம்புகிற அன்றைக்கு அந்தப் பெரிய வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார், அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த ஊரில் அம்மாவுக்கு என்று ஒருவரும் கிடையாது, எல்லோரும் அப்பாவின் ஆட்கள். மறுபடி சென்னைக்குக் கூட்டிவந்தோம். நங்கநல்லூர் வீடு விற்ற காசில் 2007-ல் அதே தெருவில் ஒரு படுக்கை அறை ஃபிளாட்கூட வாங்க முடியவில்லை.

உங்கள் இருவரையும் ஒரு கணக்காளனாக மட்டும் பார்த்தால்கூட, உங்கள் வீட்டம்மா உங்களைவிட நாலு வயது சின்னவர், இதய நோயாளி நீங்கள். அந்த வீட்டில் கடைசியில் தனியாக இருக்கப் போகிறவர் பெரும்பாலும் அவர்தான். அப்போது உங்கள் பென்ஷனில் பாதிதான் அவருக்கு வரும், 2,050 ரூபாய். ஆக இது உங்கள் கடைசிக் காலத்துக்கான திட்டம் மட்டுமல்ல, அவருடைய எழுபத்தைந்தாவது வயதுக்கான திட்டமும்கூட, அந்த வயதில் அவருக்கு இலஞ்சி வேண்டுமா, மகளுக்குப் பக்கத்தில் மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியோ, இல்லை வெள்ளம் வராத வேறொரு பகுதியில் சின்ன ஃபிளாட்டோ வேண்டுமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் மடிப்பாக்கத்தில் ஒரு நாளைக்கு எங்கெங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? இருபத்தெட்டு வருடம் காலையில் அம்பத்தூர் போய் ராத்திரி திரும்பினவர் நீங்கள். எனக்குத் தெரியாது என்றுதான் பெரும்பாலான ஆண்கள் சொல்கிறார்கள்.

அதனால் ஒரு வருடம். வாடகை வீடு, தரைத் தளம், படி இல்லாதது, ஆட்டோவும் மினி பஸ்ஸும் வருகிற தெரு, காய்கறிக் கடைக்கும் மெடிக்கலுக்கும் அவர் நடந்தே போய்வரக்கூடிய தூரம். உங்கள் பூர்வீகத் தெருவிலேயே பார்க்க வேண்டாம், அங்கே அவர் மறுபடியும் மருமகளாகத்தான் இருப்பார். தென்காசி டவுனில் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில்கூடப் பார்க்கலாம். சாரல் விழும்போது போய் வீடு பார்த்தால் எந்த வீடும் சொர்க்கமாகத்தான் தெரியும். பங்குனியில் குடியேறுங்கள். அருவியில் பாறை மட்டும் தெரிகிற காலம், வெயில் காயும், மூன்று மணிக்கு மேல் பொழுது நகராது. அதைத் தாண்டினால் சீசனில் விருந்தாளிகள், ஆவணிக்கு மேல் கூட்டம் வடிந்த ஊர், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடுவீர்கள். மடிப்பாக்கம் ஃபிளாட்டை 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள், ஒரு அறையைப் பூட்டிச் சாமான்களை அதில் போட்டுவையுங்கள், குடிவருகிறவர் ஒப்புக்கொண்டால். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எதையும் இப்போது மாற்ற வேண்டாம்.

அந்த வருடத்தில் அவர் உங்கள் துணையில்லாமல் தனியாகக் கடைக்கும் டாக்டரிடமும் போய்வரப் பழகினாரா, அங்கே அவருக்கென்று இரண்டு பேர் கிடைத்தார்களா, மகளைப் பார்க்க அவர் கேட்டபோதெல்லாம் போக முடிந்ததா, இவ்வளவுதான் நான் கேட்பேன். ஆம் என்றால் பட்டா வேலையும் அதற்குள் முடிந்திருக்கும், கட்டுங்கள். 50 லட்சத்துக்கு வேண்டாம். மகனுக்கு ஓர் அறை, மகளுக்கு ஓர் அறை, மாடியில் ஹால் என்று போகாமல், ஒரே தளத்தில் இரண்டு படுக்கை அறை, வழுக்காத தரை, கழிப்பறைச் சுவரில் பிடிக்கக் கம்பி, சக்கர நாற்காலி நுழைகிற அகலத்துக்குக் கதவு. பிள்ளைகள் வருடத்துக்கு எட்டு நாள் வருவார்கள், ஹாலில் பாய் விரித்துப் படுக்கட்டும், அதுதான் அவர்களுக்கும் பிடிக்கும். அதற்குப் பிறகு ஃபிளாட்டை விற்பதானால் மேலே சொன்ன வரிக் கணக்கு அப்படியே பொருந்தும், குறியீடு மட்டும் அந்த வருடத்துக்கு மாறும். இரண்டு பேரும் உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள், அதை எங்கே இருந்தாலும் செய்ய வேண்டும்.

இந்தப் பதிலை உங்கள் வீட்டம்மாவிடம் படிக்கக் கொடுங்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று அவரே எனக்கு எழுதினால் கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன், 68 லட்சத்தை வைத்து இன்னும் இரண்டு மூன்று விதமாகச் செய்யலாம்.

பார்ட்டியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள். இந்த விலை இனிமேல் கிடைக்காது, பார்ட்டி கைவிட்டுப் போய்விடும் என்று புரோக்கர் நாளைக்கே போன் செய்வார். போகட்டும். அடுத்த மாதம் அவரே இன்னொரு பார்ட்டியோடு வருவார்.